நாற்பது டிகிரியில் நின்ற முழங்கால்

கூட வேலை செய்கிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் ரசமட்டம். தளம் சமமாக இருக்கிறதா என்று பார்க்கிற கருவிக்கு அந்தப் பெயர். குழாய்க்குள் இருக்கும் குமிழி நடுவில் நின்றால் சமம், ஓரம் போனால் சாய்வு. டைல்ஸ் போடுகிற எல்லாரிடமும் அது உண்டு. ஆனால் டீக்கடை பெஞ்சில் உட்காருவதற்கு முன்னால் அதை வைத்துப் பார்க்கிறவர் இவர் ஒருவர்தான். யாராவது புது வீட்டுக்குக் கூப்பிட்டால், உள்ளே நுழைந்ததும் பாதத்தால் தரையைத் தடவிப் பார்த்து, "மூணு மில்லி எறக்கம்" என்பார். சொந்தக்காரர்கள் கூப்பிடுவதைக் குறைத்துக்கொண்டார்கள்.

பத்தொன்பது வயதில் தொழிலுக்கு வந்தவர். காயம் பட்டபோது வயது நாற்பத்தாறு. இடைப்பட்ட இருபத்தேழு வருடமும் வாரத்தில் ஆறு நாள், நாளில் ஆறு மணி நேரம் முட்டி போட்டே இருந்திருக்கிறார். மழை, காய்ச்சல், விடுமுறை எல்லாம் கழித்தாலும் நாற்பத்தையாயிரம் மணி நேரத்துக்குக் குறையாது. நின்றுகொண்டு தரைக்கு டைல்ஸ் போட முடியாது. நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டும் முடியாது. கல்லைப் பசை மேல் வைத்து, ரப்பர் சுத்தியலால் தட்டி, அடியில் வெற்றிடம் இருக்கிறதா என்று காதைச் சாய்த்துக் கேட்டு, ஓரத்தை விரல் நுனியால் தடவிப் பார்க்க வேண்டுமானால் முழங்கால் தரையில் இருந்தாக வேண்டும். அதனால் அவருடைய வலது முழங்கால் கெட்டபோது அவருக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்று. மறுபடி முட்டி போட முடியுமா, முடியாதா.

நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து இருபதுக்கு. பல் மருத்துவமனை ஒன்றில் தரை வேலை. வெளியே நின்ற வண்டியிலிருந்து டைல்ஸ் பெட்டி ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு ரசமட்டம் வாசல் படி ஏறினார். பெட்டியின் எடை இருபத்தாறு கிலோ. மூன்றாவது படியில் கால் வைத்தபோது மச்சான் பின்னாலிருந்து கூப்பிட்டார். மச்சான் என்பவர் மனைவியின் அண்ணன். கல் வெட்டுகிறவர். பதினான்கு வருடமாக இருவரும் ஒரே ஜோடி, இவர் போட, அவர் வெட்ட. கூப்பிட்ட குரலுக்கு ரசமட்டம் திரும்பினார். உடம்பு திரும்பியது, தொடை திரும்பியது. பாதம் மட்டும் ஈரப் படியில் ஒட்டிக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டது. டக் என்று ஒரு சத்தம்.

கோடு கிழித்த டைலை இரண்டாக உடைக்கும்போது அப்படித்தான் கேட்கும். அவர் படியில் சரிந்து உட்கார்ந்து, முதல் காரியமாகப் பெட்டியைப் பிரித்து எண்ணினார்.

"ஒண்ணும் உடையல மச்சான். பதினாறும் முழுசா இருக்கு."

மச்சான் வந்து எட்டிப் பார்த்தார். "அப்ப என்னதான் மாப்ளே உடைஞ்சுது?"

அப்போதுதான் இருவரும் முழங்காலைப் பார்த்தார்கள். வெளியே ஒரு கீறல்கூட இல்லை. மதியம் இரண்டு மணிக்குள் அது வீங்கி, பேண்ட்டைக் கழற்றக் கத்தரிக்கோல் தேவைப்பட்டது.

மூன்றாம் நாள் ஸ்கேன் எடுத்தார்கள். முட்டிக்குள் முன்பக்கத்து ஜவ்வு முழுதாக அறுந்திருந்தது. எலும்பு மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டார்.

"டைல்ஸ், சார்."

"விக்கிறீங்களா, போடுறீங்களா?"

"போடுறேன்."

டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார். "அப்ப மாத்து ஜவ்வை முட்டிக்கு முன்னாடி இருந்து எடுத்து வைக்க வேண்டாம். அங்க எடுத்தா முட்டி போடும்போதெல்லாம் குத்திக்கிட்டே இருக்கும். பின்தொடையில இருந்து எடுத்து மாட்டலாம்."

இந்த ஒரு கேள்விக்காகவே ரசமட்டத்துக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. வேலை எதற்கு என்று கேட்டுவிட்டுக் கல்லைத் தேர்ந்தெடுக்கிறவர் நல்ல வேலைக்காரர் என்பது அவருடைய தீர்ப்பு. வீக்கம் வடிவதற்காகக் காத்திருந்து, முப்பத்து நான்காம் நாள் அறுவை சிகிச்சை நடந்தது. ஒரு மணி இருபது நிமிடம். மறுநாள் காலை டாக்டர் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்று சொன்னார்: "நல்லா மாட்டியிருக்கு. எலும்பு அதை முழுசா புடிச்சுக்க எட்டுல இருந்து பன்னெண்டு வாரம் ஆகும். பிசியோ சொல்றதைத் தவறாம செய்யுங்க." சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

இதில் மூன்று வாக்கியம் இருக்கிறது. ரசமட்டம் முதல் இரண்டை எடுத்துக்கொண்டார். மூன்றாவதைக் கட்டிலிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்.

அதற்குக் காரணம் உண்டு. டைல்ஸ் போடுகிறவன் வாழ்நாளில் பாதியை, இப்போது போட்ட தரையில் பிறர் கால் வைக்காமல் காவல் காப்பதில் கழிக்கிறான். பசை இறுக இருபத்து நான்கு மணி நேரம் வேண்டும். வீட்டுக்காரர்களுக்கோ இருபத்து நான்கு நிமிடம்கூடப் பொறுமை கிடையாது. ஒருமுறை இவர் ஒரு கூடம் முழுக்கப் போட்டு முடித்துவிட்டுப் போன பிறகு, வீட்டுக்காரர் செல்போனை எடுக்க நான்கு அடி நடந்து வந்தார். பதினோரு கல் அசைந்துவிட்டது. அசைந்த கல் திரும்ப ஒட்டாது. பதினொன்றையும் பெயர்த்து, சுரண்டி, புதிதாகப் போட்டார். அன்றிலிருந்து வாசலில் கயிறு கட்டி, கயிற்றுக்குப் பின்னால் நாற்காலி போட்டு, நாற்காலிக்கு மேல் வாளி வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். அப்படிப்பட்ட மனிதரிடம், எட்டு வாரம் இறுக வேண்டிய ஒன்றை நான்காம் நாளே மடக்கு என்றால் மடக்குவாரா?

மடக்கச் சொன்னவர் பிசியோ. உடற்பயிற்சி சிகிச்சை தருகிற பெண், முப்பது வயதிருக்கும். வேகமாக நடப்பார், அதைவிட வேகமாகப் பேசுவார். மருத்துவமனையின் தரைத்தளத்தில் அவருடைய அறை. இரண்டு கட்டில், ஒரு மிதிவண்டி, சுவரில் ஏணி போல் மரச்சட்டங்கள். அவர் ஒரு அகலமான துணிப் பட்டையைக் கொடுத்தார். அதைப் பாதத்தில் மாட்டி இரண்டு கையாலும் இழுத்து, குதிகாலைத் தரையோடு தரையாகப் பிட்டத்தை நோக்கி நகர்த்த வேண்டும். காலை, மதியம், மாலை. வேளைக்குப் பத்து. கூடவே கட்டம் போட்ட ஒரு தாள். செய்து முடித்ததும் ஒவ்வொரு மடக்கலுக்கும் ஒரு குறி போட வேண்டும்.

ரசமட்டம் குறி போட்டார். இருபத்தொரு நாள், நாளுக்கு மூன்று வேளை, வேளைக்குப் பத்து, ஆக மொத்தம் அறுநூற்று முப்பது. ஒன்றுகூட விடுபடவில்லை. காலை நீட்டிப்போட்டு, அதன் கீழ் தலையணை வைத்து, யாரும் இடித்துவிடாமல் இருக்க இரு பக்கமும் நாற்காலி போட்டு, கட்டிலில் அசையாமல் கிடந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இவர் முழுக் காலையே தலையணையில் மறைத்தார்.

வாரம் ஒருமுறை பிசியோ இரண்டு கை உள்ள நீளமான கோணமானியை முட்டியின் பக்கவாட்டில் வைத்து அளந்தார். முதல் வாரம் முப்பத்தைந்து டிகிரி. இரண்டாம் வாரம் முப்பத்தொன்பது. மூன்றாம் வாரம் நாற்பது. அந்த மூன்றாம் வாரம் மனைவியும் விடுப்பு எடுத்துக்கொண்டு கூட வந்திருந்தார்.

பிசியோ அளவையும் தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "இவ்வளவு செஞ்ச முட்டி தொண்ணூறைத் தாண்டியிருக்கணுமே. சார், பட்டையை எடுங்க. எப்படிச் செய்றீங்கன்னு ஒரு தடவை காட்டுங்க."

ரசமட்டம் பையிலிருந்து பட்டையை எடுத்து, கொஞ்சம் யோசித்து, முட்டிக்கு மேலே கட்டப் போனார்.

"சார், அது பாதத்துல மாட்டுறது."

"ஆமா, பாதத்துல."

பிசியோ பட்டையை அவர் கையிலிருந்து வாங்கி மேசை மேல் விரித்தார். "இந்த மடிப்பைப் பாருங்க. நான் குடுத்தப்ப இருந்த மடிப்பு, கத்தி மாதிரி அப்படியே நிக்குது. மூணு வாரம் காலை இழுத்த துணி கசங்காதா? இந்தக் குறிகளையும் பாருங்க. பேனா ஒண்ணு, மை ஒண்ணு, சாய்வு ஒண்ணு. ஒரே மூச்சுல உக்காந்து போட்டிருக்கீங்க."

மனைவி ரசமட்டத்தின் பக்கம் திரும்பினார். "ஏங்க, எத்தனை தடவை செஞ்சீங்க?"

"பதினொண்ணு."

"ஒரு நாளைக்கா?"

"மொத்தமா."

அளவில் பொய் சொல்ல அவருக்கு வராது. அதனால்தான் கேட்டதும் சரியான எண்ணைச் சொல்லிவிட்டார். குறி போடுவதை அவர் அளவாகக் கருதவில்லை போலிருக்கிறது.

மனைவி நகரப் பேருந்துகளில் டிக்கெட் பரிசோதகர். அவர் பிசியோவிடம் முறையிட்டார்: "பதினெட்டு வருஷமா பஸ்ல ஏறி இறங்குறேன் மேடம். தூங்குற மாதிரி நடிக்கிறவன், பையில ஓட்டைங்கிறவன், இப்பதான் ஏறினேங்கிறவன், எல்லாரையும் மூஞ்சியைப் பாத்தே புடிச்சிருவேன். என் வீட்டுக்குள்ளயே ஒருத்தர் மூணு வாரமா டிக்கெட் எடுக்காம வந்திருக்காரு. எனக்குத் தெரியல."

"அப்படி இல்லம்மா" என்று ரசமட்டம் வாயைத் திறந்தார். "மேடம், நேத்து போட்ட தரையில இன்னைக்கு ஏறி நடந்தா என்ன ஆகும்? கல்லு அசையும். அசைஞ்சா போச்சு. டாக்டரே எட்டு வாரம் பன்னெண்டு வாரம்னாரு. அவரு பாடுபட்டு மாட்டினதை நான் அசைச்சுக் கெடுக்கக் கூடாதுன்னுதான்…"

பிசியோ சிரிப்பார் என்று மனைவி எதிர்பார்த்தார். அவர் சிரிக்கவில்லை. எழுந்து போய் அலமாரியிலிருந்து மருத்துவக் கோப்பை எடுத்துவந்து, அறுவை சிகிச்சைக் குறிப்பில் ஒரு வரியைத் தேடி, அதன் கீழே விரலை வைத்தார்.

"இது டாக்டர் அன்னைக்கே எழுதினது. ஜவ்வை மாட்டி முடிச்சதும், தையல் போடுறதுக்கு முன்னாடி, மேசையிலேயே உங்க முட்டியை இருபது தடவை மடக்கி நீட்டிப் பாத்திருக்காரு. பூஜ்யத்துல இருந்து நூத்தி முப்பது வரைக்கும். அப்புறம் கொக்கி போட்டு ஜவ்வை இழுத்துப் பாத்து, 'உறுதி'ன்னு எழுதியிருக்காரு."

ரசமட்டம் கோப்பை வாங்கிக்கொண்டார். "இருபது தடவையா?"

"இருபது."

"கீழ கையெழுத்து இருக்கா?"

"இதோ."

கையெழுத்தை, தேதியை, மறுபடி அந்த வரியைப் பார்த்தார். "தட்டிப் பாத்துட்டுதான் போயிருக்காரு" என்றார். அவர் வாயிலிருந்து ஒரு வேலைக்காரருக்குக் கிடைக்கக்கூடிய அதிகபட்சப் பாராட்டு அது. பிறகு குரல் இறங்கியது. "அப்ப நான்தான் கெடுத்துட்டேனா?"

"ஜவ்வு நல்லா இருக்கு. அசைக்காம வெச்சதுல அதைச் சுத்தி இருக்கிற சதை ஒண்ணோட ஒண்ணு ஒட்ட ஆரம்பிச்சிருக்கு. இறுகக் கூடாத இடத்துல இறுகுது, அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று பிசியோ சொன்னாலும், டாக்டர் அவ்வளவோடு விடவில்லை. அன்றே வரவழைத்துப் பேசினார். இன்னும் மூன்று வாரம் தருவதாகச் சொன்னார். அதற்குள் தொண்ணூறு வராவிட்டால் மயக்க மருந்து கொடுத்து, மறுபடி மேசையில் போட்டு, ஒட்டியதைப் பலமாக மடக்கிப் பிரிக்க வேண்டியிருக்கும். அந்தப் பலத்தைப் புது ஜவ்வு தாங்கும் என்று எழுதிக் கையெழுத்துப் போட அவரால் முடியாது. தொண்ணூறே வராத முட்டிக்கு நூற்று நாற்பது எந்தக் காலத்திலும் வராது. தரையில் முட்டி போட்டு வேலை பார்க்கக் கிட்டத்தட்ட நூற்று நாற்பது வேண்டும்.

அன்று மாலை ஆறரைக்கு முதல் உண்மையான மடக்கல் நடந்தது. கூடத்தில் நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு மனைவி எதிரே உட்கார்ந்தார். மடியில் புதுத் தாள். "இனிமே பேனா எங்கிட்டதான் இருக்கும்" என்று சொல்லிவிட்டார். வேளைக்கு ஒரே குறி. செய்தால் சரி, செய்யாவிட்டால் பெருக்கல் குறி, பக்கத்தில் காரணம்.

ரசமட்டம் பட்டையை இழுத்தார். குதிகால் ஒரு சாண் நகர்ந்து நின்றது. உள்ளே ஏதாவது அறுபடுகிறதா என்று மூச்சை அடக்கிக் கேட்டார். ஒன்றும் அறுபடவில்லை. வலி மட்டும் வந்தது, அதுவும் குறைவில்லாமல். நெற்றியில் வேர்த்தது. ஐந்தாவதில், "போதும்மா" என்றார்.

"மேடம் பத்துன்னாங்க."

"உனக்கு வலிச்சா தெரியும்."

"எனக்கு ரெண்டு பிரசவம் வலிச்சிருக்கு. ஆறு."

மனைவிக்கு வாரத்தில் நான்கு நாள் பகல் வேலை. அந்த நாட்களில் மதியம் ஒரு மணிக்குத் தொலைபேசியில் கூப்பிடுவார். ரசமட்டம் அதைத் தரையில் வைத்துக்கொண்டு உரக்க எண்ண வேண்டும். மறுமுனையில் பேருந்து ஓடும் சத்தம் கேட்கும்.

"நாலு" என்பார் ரசமட்டம்.

"நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல ஏன் இவ்வளவு நேரம்? டிக்கெட்டைக் காட்டுங்க, உங்களைத்தான். ம், இழுங்க."

"அஞ்சு."

"முனகல் சத்தமே கேக்கலியே. அஞ்சைத் திரும்பச் செய்ங்க. தம்பி, இந்த டிக்கெட் நேத்தோடது. இறங்குங்க. நீங்க இல்லைங்க, நீங்க இழுங்க."

ஒருநாள் பத்து என்று அவர் கத்தியதும் பேருந்துக்குள்ளிருந்து யாரோ கை தட்டுவது இவருக்குக் கேட்டது.

பிசியோ வாரத்துக்கு மூன்று நாள் வரச்சொல்லி அளந்தார். நாற்பத்தாறு. ஐம்பத்தொன்று. ஐம்பத்தெட்டு. அடுத்த முறையும் ஐம்பத்தெட்டு. அந்த வாரம் முட்டி மறுபடி வீங்கி, தொட்டால் சுட்டது. இரண்டு நாள் ஐஸ் வைத்துக்கொண்டு கிடந்தார். அப்போதுதான் மச்சான் பார்க்க வந்தார்.

"என்ன மாப்ளே, அம்பத்தெட்டுலயே நிக்கிறியாமே. என் தங்கச்சி பஸ்கூட ஸ்டாப்பிங்ல ரெண்டு நிமிஷத்துக்கு மேல நிக்காது."

"வெந்த புண்ணுல வேலைப் பாய்ச்சாத மச்சான். அங்க வேலை எப்படிப் போகுது?"

"பல் ஆஸ்பத்திரியை முடிச்சுட்டேன். நானே போட்டேன்."

"நீயா?"

"நான் போட்டா ஒட்டாதா?"

"ஒட்டும். ஓரம் எப்படி இருக்கு?"

மச்சான் சன்னல் பக்கம் பார்த்தார். "நடக்கலாம்."

"எத்தனை மில்லி ஏத்த இறக்கம்?"

"ரெண்டு. ஒரு இடத்துல மூணு. கதவு திறக்கும்போது லேசா உரசுது, வேற ஒண்ணும் இல்ல."

ரசமட்டம் ஐஸ் பையை எடுத்துக் கீழே வைத்தார். பட்டையை எடுத்துப் பாதத்தில் மாட்டினார். மச்சானின் கேலியில்கூட வராத ரோஷம் அந்த மூன்று மில்லியில் வந்துவிட்டது. அந்த மாலை பத்துக்குப் பதில் பன்னிரண்டு செய்தார். மனைவி இரண்டை ஏற்றுக்கொள்ளவில்லை. மேடம் சொன்ன கணக்குக்கு மேலே போனாலும் தப்புதான் என்றார்.

அறுபத்திரண்டு. அறுபத்தொன்பது. எழுபத்தைந்து. எண்பத்திரண்டு. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பதைக் கல்லோடு பழகியவர் அதுவரை நம்பியதில்லை.

கெடு முடியும் நாள் ஒரு வியாழக்கிழமை. காலை ஒன்பதரைக்குப் பிசியோ கோணமானியை வைத்தார். ஒருமுறை, இருமுறை, மூன்றாம் முறை. மூன்று முறையும் எண்பத்தேழு.

மனைவிதான் முதலில் பேசினார். "மேடம், லேசா ஒரு அழுத்து அழுத்திப் பாருங்களேன். மூணு டிகிரிதானே."

"வேண்டாம்" என்றார் ரசமட்டம். "எண்பத்தேழுன்னா எண்பத்தேழு. அதையே எழுதுங்க."

பிசியோ எழுதினார். மாடிக்குப் போனார்கள். டாக்டர் எண்ணைப் பார்த்தார், ஒன்பது அளவுகளையும் வரிசையாகப் பார்த்தார், பிறகு மனைவி நீட்டிய தாளை வாங்கினார். இருபத்தொரு நாளுக்கு அறுபத்து மூன்று வேளை. ஐம்பத்தொரு சரி, பன்னிரண்டு பெருக்கல் குறி. பெருக்கல் குறிகளுக்குப் பக்கத்தில் நுணுக்கி நுணுக்கி எழுதியிருந்தது. டாக்டர் சத்தமாகப் படித்தார்.

"'வீக்கம். ஐஸ் வைத்தோம்.' 'வீக்கம்.' 'என் மேல் கோபம்.' 'தூங்குவதுபோல் நடித்தார்.' இது யாரு எழுதினது?"

"நான்தான் சார்."

"'எட்டுதான் செய்தார், பத்து என்று சொன்னார், பிடித்துவிட்டேன்.'" டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "முதல்ல வந்த தாள்ல ஒரு தப்புகூட இல்ல. அதை நம்பி நாங்க ஏமாந்தோம். இதுல பன்னெண்டு தப்பு இருக்கு, அதனால இதை நம்பலாம். உண்மையா செஞ்சு மூணு வாரத்துல நாப்பத்தேழு டிகிரி ஏறியிருக்கு. இன்னும் ஏறும். மயக்க மருந்து வேண்டாம். இப்படியே போங்க."

வெளியே வந்ததும் மனைவி மாடிப்படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். ரசமட்டம் ஊன்றுகோலை ஒரு கைக்கு மாற்றிவிட்டு அவருக்குத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார்.

ஐந்து நாளில் தொண்ணூறு வந்தது. பத்தாம் வாரத்தில் நூற்றுப் பதினெட்டு. மிதிவண்டியின் பெடல் முழு வட்டம் சுற்றிய அன்று அவர் பதினைந்து நிமிடம் இறங்கவே இல்லை. பிசியோ வந்து இறக்கிவிட்டார். பிறகு படி ஏறுவது, ஒற்றைக் காலில் நிற்பது, சுவரில் முதுகைச் சாய்த்து இல்லாத நாற்காலியில் உட்காருவது. நான்காம் மாதம் வேலைக்குத் திரும்பினார், ஆனால் கல் வெட்டும் மேசைக்கு. நின்றுகொண்டே செய்யலாம் என்று டாக்டர் அனுமதித்த வேலை அது. மச்சான் முட்டி போட்டுப் போட, இவர் வெட்டிக் கொடுத்தார். இருவருக்கும் அது தண்டனையாகத்தான் இருந்தது. ரசமட்டம் வெட்டிய கல் மயிரிழை பிசகாமல் இருக்கும். மச்சான் வைக்கிற இடம்தான் பிசகும். இவர் மேசையிலிருந்து கழுத்தை நீட்டிப் பார்ப்பார். "பாக்காத மாப்ளே. நீ பாத்தா எனக்குக் கை நடுங்குது" என்று மச்சான் தரையிலிருந்து கெஞ்சுவார்.

ஆறாம் மாதம் பிசியோ கட்டிலின் மேல் பஞ்சு மெத்தையை விரித்து, அதில் முட்டி போடச் சொன்னார். முதல் நாள் பத்து வினாடி. முட்டிக்குக் கீழே ஊசி குத்துவதுபோல் இருந்தது. "இது ஜவ்வு இல்ல, தோல். ஆறு மாசமா தரையைத் தொடாத தோல்" என்றார் பிசியோ. பிறகு முப்பது வினாடி, இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம். மெத்தை போய் மடித்த போர்வை வந்தது. கடைசியாக அளந்தபோது நூற்று முப்பத்தெட்டு. இடது முட்டியையும் அளந்துபார்த்தார். காயமே படாத அதுவும் நூற்று நாற்பத்தொன்றுதான் மடங்கியது. அந்த மூன்று டிகிரியைப் பற்றி ரசமட்டம் ஒன்றும் சொல்லவில்லை என்று பிசியோ பின்னால் மனைவியிடம் ஆச்சரியப்பட்டார்.

அறுவை சிகிச்சை நடந்த இருநூற்று மூன்றாம் நாள், ஒரு நூலகத்தின் பின்பக்கக் குளியலறை. இரண்டு மீட்டர் நாற்பதுக்கு ஒன்று எண்பது. தரையை மச்சான் முதல் நாளே சுத்தம் செய்து வைத்திருந்தார். ரசமட்டம் இரண்டு முட்டிக்கும் தடிமனான ரப்பர் காப்பு கட்டிக்கொண்டார். பிசியோவின் கட்டளைப்படி செல்போனில் இருபது நிமிடத்துக்கு ஒரு மணி வைத்தார். அடித்தால் எழுந்து நடக்க வேண்டும்.

தூர மூலையில்தான் தொடங்க வேண்டும். அங்கே போய் நின்றார். சுவரில் இடது கையை வைத்தார். முதலில் இடது முட்டி, பிறகு வலது. வலது முட்டி தரையைத் தொட்டபோது மச்சான் வாசலில் நின்று வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன மாப்ளே?"

"குத்துது."

"எழுந்திரிச்சுடு. நான் போடுறேன்."

"நீ போட்டா கதவு உரசும். பசையை இப்படித் தள்ளு."

பசையைப் பரப்பினார். முதல் கல்லை வைத்து, தட்டி, காதைச் சாய்த்தார். இரண்டாவது. மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் இடையில் மணி அடித்தது. சுவரைப் பிடித்து எழுந்து, நூலகத்தின் நடை முழுக்க ஒருமுறை நடந்துவிட்டு வந்து, மறுபடி இறங்கினார். முன்பெல்லாம் ஒரு நாளில் பதினோரு சதுர மீட்டர் போடுகிறவர் அன்று மதியம் வரை ஒன்றரை சதுர மீட்டர் போட்டிருந்தார். ஒன்பது முறை எழுந்து ஒன்பது முறை இறங்கியிருந்தார். ஒவ்வொரு வரிசைக்கும் மேலே கருவியை வைத்தபோது குமிழி நடுவில் நின்றது.

வடிகாலுக்குப் பக்கத்தில் ஒரு கல்லை ஓரம் வெட்ட வேண்டியிருந்தது. டேப்பை வைத்து அளந்தார்.

"மச்சான், இருபத்தொன்பதுக்குப் பதினேழரை."

வெளியே கல் வெட்டும் இயந்திரம் ஓடத் தொடங்கியது. "பதினேழா?"

"அரையை விட்றாத" என்றார் ரசமட்டம், தரையிலிருந்து.